பழுது எது என்று தெரியாமல் பாகத்தை மாற்றாதீர்கள்

அவசரமாகக் கிளம்பும் நேரத்தில்தான் வண்டி மக்கர் பண்ணும். உடனே விடாமல் சாவியைத் திருகுவார்கள். தெருவில் போகிறவர் "பேட்டரி போச்சு சார்" என்பார். மதியத்துக்குள் புதுப் பேட்டரி வந்து உட்கார்ந்துவிடும். அப்போதும் வண்டி கிளம்பாது. நெடுங்காலம் ஸ்டீயரிங் பிடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கையை வைப்பதற்கு முன் காதைக் கொடுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். செல்ஃப் எடுக்கிறதா, இல்லையா? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதிச் சந்தேகம் ஒழிந்துவிடும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். பெட்ரோல் சரியாகப் போகாமலோ, பிளக்கில் பொறி வராமலோ இருக்கலாம். இப்போதைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பின்சீட் பக்கமிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம். அது கேட்கவில்லையா? பம்ப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள். அதன் ஃபியூஸையும் ரிலேயையும் முதலில் பாருங்கள்.

செல்ஃபே எடுக்கவில்லை, 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதா? "ஹாரன் அடிக்கிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். ஹாரனுக்கு ஒரு சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹாரன் அடிப்பதை வைத்துப் பேட்டரிக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

அதற்காகப் பேட்டரியை உடனே தூக்கி எறியவும் வேண்டாம். பானெட்டைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருக்கும். கையால் அசைத்தால் ஆடும். மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, பிறகு பிளஸ்ஸைக் கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, இறுக்கிப் பூட்டுங்கள். பூட்டும்போது மைனஸ் கடைசியில் வர வேண்டும். மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது. பல வண்டிகளுக்கு இந்த வைத்தியமே போதும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் நிற்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்கும் கீழே என்றால் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகும் நிற்காமல் இறங்கினால் அப்போது மாற்றுங்கள். அந்தச் செலவு வீணில்லை.

செலவில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் வேலை கடைசியில். இந்த வரிசை வண்டிக்கு மட்டும் உரியதல்ல. வீட்டில் பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது. டியூஷன் மாற்றுகிறோம், செல்போனைப் பிடுங்குகிறோம், பள்ளியையே மாற்றுகிறோம். பலகையில் எழுதியிருப்பது அவன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்பதில்லை. ஒரு கண்ணாடியில் முடிய வேண்டிய காரியம், அந்தப் பிள்ளையின் தன்னம்பிக்கையைத் தின்றுவிடுகிறது. வேலையாளை நிறுத்துவதிலும், உறவை முறிப்பதிலும் இதே அவசரம்தான். சந்தேகத்தின் பேரில் தூக்கி எறிந்தது எத்தனை முறை நல்ல பாகமாக இருந்திருக்கிறது!

இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். எது ஓடாமல் நின்றாலும், "மாற்றிவிடலாம்" என்ற சொல்லைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நின்றது என்று முதலில் விசாரியுங்கள். விசாரிக்கக் காசு ஆகாது.