இழை மாட்டாத விரல்

காஞ்சிபுரத்தில் ஒருவருடைய தோல் எப்படி இருக்கிறது என்பதைப் பட்டு இழையே சொல்லிவிடும். விரல் நுனியில் துளி வெடிப்பு இருந்தால் போதும், இழை அதில் மாட்டிப் பிசிறு கிளம்பிவிடும். பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட காலத்தில், மார்கழி பிறந்தால் பெரியவர்கள் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் தறிக்குழியில் கால் வைப்பார்கள். எண்ணெய் தடவினால் வெடிப்பு ஆறும். ஆனால் நெய்கிற கையில் எண்ணெய் இருக்கக் கூடாது. சேலையில் ஒரு பொட்டு கறை விழுந்தாலும் கூலியில் கழித்துக்கொள்வார்கள். அதனால் என் பெரியப்பா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கையில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வார். காலையில் பயத்தமாவு போட்டு அழுந்தக் கழுவித் துடைத்த பிறகே நாடாவைத் தொடுவார்.

பெரியம்மாவுக்கு இந்தத் தேய்ப்பில் பாதி நம்பிக்கைதான். "வயித்துல எண்ணெய் எறங்காத ஒடம்புல தோலு எப்படி வழவழன்னு இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே எள்ளுப்பொடியில் ஒரு குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுவார். முருங்கைக்கீரை வாரத்தில் இரண்டு நாளாவது இருக்கும். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி எப்போதாவது வீட்டுக்கு வந்தால் அதற்கும் எண்ணெய் உண்டு. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மந்தாரை இலை வைத்து அவித்த அந்த இட்லி சருமத்தைப் பளபளக்க வைக்கும் என்று யாராவது யூடியூபில் சொல்லாமல் இருக்க வேண்டும். சொன்னால் மறுநாளே மாத்திரையாக வந்துவிடும்.

பெரியம்மா சொன்னதற்குக் குன்னூரில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1930களில் அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஏக்ராய்டும் அவருடைய சகாக்களும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். பல பிள்ளைகளுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் முள் முளைத்தது மாதிரி சொரசொரப்பு. ஃப்ரினோடெர்மா என்று அதற்குப் பெயர். முதலில் வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்று நினைத்தார்கள். அது மட்டும் இல்லை, பி வைட்டமின்களும் உணவில் சேரும் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களும் குறைவதால்கூட வரும் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தக் கேள்வியைக் குடைந்தவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். தோலுக்கு வேண்டிய லினோலிக் அமிலம் நல்லெண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இருக்கிறது. பெரியம்மா இதையெல்லாம் படித்ததில்லை.

இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கூறைப்புடவைக்குக் காந்தி ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியவள், வரும்போது ஒரு பை நிறைய டப்பாக்களும் வாங்கி வந்தாள். கொலாஜன் பவுடர், குளூட்டாதயோன், 10,000 மைக்ரோகிராம் பயோட்டின். கொலாஜன் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். மீன் தோலிலிருந்து எடுத்தது. அக்கா வீடு சிவபூசை நடக்கிற வீடு, முட்டைகூட உள்ளே வராது. "மாமா, மீன் வாசனையே இல்ல, பாருங்க" என்றாள். அக்கா பார்த்த பார்வையில் டப்பா அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போனது.

போனதில் பெரிய நஷ்டமில்லை. கொலாஜனைக் குடித்தால் அது நேரே கன்னத்துக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலவே உடைகிறது. தோலின் ஈரப்பதம் கொஞ்சம் கூடியதாகச் சில ஆய்வுகள் உண்டு. அவற்றில் பல, அதை விற்கிற நிறுவனங்களின் காசில் நடந்தவை. உடம்பு தானே கொலாஜன் கட்ட வைட்டமின் சி வேண்டும். ஒரு நாளைக்கு வேண்டிய அளவு ஒரு கொய்யாப்பழத்திலேயே இருக்கிறது. குளூட்டாதயோன் சிவப்பாக்கும் என்பது வியாபாரம், அதைப் பற்றி அவ்வளவு பேசினால் போதும். பயோட்டின் ஒரு நாளைக்கு 30 முதல் 40 மைக்ரோகிராம் போதும், அதைச் சாதாரணச் சாப்பாடே கொடுத்துவிடும். அந்த மாத்திரையில் இருந்தது இருநூறு மடங்குக்கும் மேல்.

மகளின் முகத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு நடந்த வீட்டில் அக்காவின் கையை யாரும் பார்க்கவில்லை. விரல் முட்டிகள் ஒவ்வொன்றும் மை தடவியது மாதிரி கறுத்திருந்தன. பாத்திரம் தேய்க்கிற பவுடர் என்று அக்கா காரணம் சொன்னாள், எலுமிச்சை மூடியால் தேய்த்தும் பார்த்திருக்கிறாள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1963-ல் எழுதிய விஷயம் இது. வைட்டமின் பி12 குறைந்தால் விரல் முட்டிகளும் உள்ளங்கை ரேகைகளும் கறுக்கும், பி12 கொடுத்தால் நிறம் திரும்பும். பாலும் தயிரும் குறைவாகச் சேர்க்கும் சைவக்காரர்களுக்கு இந்தக் குறை சுலபமாக வரும். கீரை எவ்வளவு தின்றாலும் தீராது, ஏனென்றால் செடிகொடிகளில் பி12 கிடையாது. அக்காவுக்கு ரத்தப் பரிசோதனையில் அளவு மிகக் குறைவு. டாக்டர் ஊசி போட்டார். கைகால் மதமதப்பு முதலில் போனது, கறுப்பு மெதுவாக மாறியது.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடிந்ததிலிருந்து குழியில் உட்கார்ந்து வெயில் காணாத நெசவாளிக்கு வைட்டமின் டி குறைந்தால் அதையும் மருந்தாகத்தான் கொடுக்க வேண்டும். அதிலும் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கிற 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினமும் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும். எது குறைகிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளைப் புரட்டிவிடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்திருக்கிறது. சில பரிசோதனை முறைகளில் பி12 அளவையும் கூட்டிக் காட்டும்.