ஐயமும் ஒற்றும்

அரபு மொழியில் ‘ஜஸ்ஸ’ என்னும் வினைக்குக் கையால் தொட்டு அறிதல் என்பது பொருள். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதற்கும் அச்சொல் வழங்கும். ஒற்றனைக் குறிக்கும் ‘ஜாஸூஸ்’ என்னும் பெயர் அதிலிருந்தே பிறந்தது. தமிழிலும் ஒற்றுதல் என்பதற்குத் தொடுதல், மெல்ல அழுத்துதல் என்னும் பொருள்கள் உண்டு. கண்ணில் ஒற்றிக்கொள்கின்றோம் அன்றோ? ஒற்றன் என்பவனும் அச்சொல்லையே தாங்கி நிற்கின்றான். இவ்விந்தையை மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாகச் சுவைபட எடுத்துரைத்து வந்த நாம், ஓர் ஒற்றனை நம் இல்லத்திற்குள் நாமே அழைத்து வந்து அமர்த்திய கதையை இங்கே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் வீட்டில் ஒரு கணினி உண்டு. நமது பாடக் குறிப்புகளுக்கும், மகளின் படிப்பிற்கும், வெளியூர்க் கல்லூரியில் பயிலும் மகன் விடுமுறையில் வரும்போது அவனுடைய வேலைகளுக்கும் அது பயன்பட்டு வந்தது. ஒரு ஷஃபான் மாதத்தில் அதன் போக்கு மாறிற்று. இணையத்தைத் திறந்தால் வழக்கமான முதற்பக்கம் வாராமல், முன்பின் அறியாத தேடுதளம் ஒன்று வந்து நின்றது. எதைத் தேடினும் விளம்பரங்களே விடையாயின. ஒருநாள் மஃரிபுக்குப் பின் மகள் பாடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையின் மூலையில் காணத்தகாத படமொன்று தோன்றியது. அவள் பதறியெழுந்து தன் உம்மாவிடம் ஓடினாள்.

நம் உள்ளம் உடனே மகன்பால் சென்றது. வாலிபன், இரவில் நெடுநேரம் கணினியின் முன் அமர்பவன். தகாத இடங்களுக்குச் சென்று வந்த கறைதான் இது என முடிவு கட்டினோம். தொலைபேசியில் அழைத்துக் கடிந்தோம். “இல்லை வாப்பா” என்ற ஒரு சொல்லைத் தவிர அவன் வேறொன்றும் சொல்லவில்லை. நாம் நம்பவில்லை.

மனம் பொறாமல் நண்பர் ஒருவரிடம் மகனின் ‘குற்றத்தை’ எடுத்துரைத்தோம். “ஹஜ்ரத், பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு நிரலைப் போட்டுவிடுங்கள். அவன் தட்டும் எழுத்து ஒவ்வொன்றும், பார்க்கும் பக்கம் ஒவ்வொன்றும் உங்கள் கைபேசிக்கு வந்து சேரும்” என்று அவர் வழிகாட்டினார். வெள்ளிக்கிழமை வந்து போட்டுத் தருவதாகவும் வாக்களித்தார். நாமும் இசைந்தோம்.

வியாழன் மாலையே மகன் ஊருக்கு வந்துவிட்டான். பேச்சின்றிக் கணினியின் முன் அமர்ந்து, அதிலுள்ள நிரல்களின் பட்டியலைத் திறந்து, அவை நிறுவப்பட்ட நாளின் வரிசையில் அடுக்கினான். நாம் கேட்டறியாத மூன்று பெயர்கள் ஒரே நாளில் வந்திருந்தன. அதே நாளில் நான்காவதாக ஒரு பெயர். அது நாம் நன்கறிந்தது. மதரஸா ஆண்டு விழா அறிவிப்பைப் பீடிஎஃப் கோப்பாக்குவதற்கு நாமே இறக்கிக்கொண்ட இலவச நிரல்!

“அன்று நான் ஊரில் இல்லையே வாப்பா” என்றான். அக்குரலில் சினம் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது.

பிறகு அவன் விளக்கினான். இலவசமாகக் கிடைக்கும் நிரல்கள் சில, தம்மோடு வேறு நிரல்களையும் கட்டிக்கொண்டு வருகின்றன. ஒவ்வொரு நிறுவலுக்கும் அவற்றை அனுப்பியோர் கூலி கொடுப்பதுண்டு. நிறுவும்போது தோன்றும் கட்டங்களில் ‘சம்மதம்’ என்னும் குறி முன்னதாகவே இடப்பட்டிருக்கும். படியாமல் ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திச் சென்றது நமது விரலே. அறிவிப்புகள் அனுப்பலாமா என்று ஏதோ ஒரு தளம் கேட்டபோது ‘அனுமதி’ என்று அழுத்தியதும் நாமே. மகளை அஞ்சவைத்த படம் அவ்வழியாகத்தான் வந்தது.

அவன் செய்த பணி இது: இணையத் தொடர்பைத் துண்டித்தான். அந்நிரல்களை நீக்கினான். உலாவியில் ஒட்டியிருந்த நீட்சிகளைக் களைந்து, முதற்பக்கத்தையும் தேடுதளத்தையும் பழையபடி அமைத்து, அறிவிப்பு அனுமதிகளை ரத்துச் செய்தான். கணினியோடு தாமே எழுந்து ஓடும் நிரல்களின் பட்டியலையும் சோதித்தான். பின்னர் விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டரைக் கொண்டு முழுச் சோதனை நடத்தினான். விண்டோஸ் விழித்தெழும் முன்னரே நடைபெறும் சோதனையும் அதில் உண்டு. வேண்டாத நிரல்களைத் தடுக்கும் அமைப்பையும் இயக்கி வைத்தான். இறுதியாக, மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றச் சொன்னான். ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று சிவந்து மிரட்டும் சாளரமும் வஞ்சகமே என்றான். அப்படி ஏமாந்து பணம் இழந்தோர் தாமதியாமல் 1930 என்னும் எண்ணில் முறையிடல் வேண்டும்.

பெயர் பெற்ற நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2005ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி வெளியிட்ட இசைத்தட்டுகள், கேட்போரின் கணினியில் ஒரு நிரலை மறைத்து வைத்தமையை மார்க் ரஸ்ஸினோவிச் என்னும் வல்லுநர் வெளிப்படுத்தினார். நிறுவனம் அத்தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்து நுழையுமாறு திருமறையின் அந்நூர் அத்தியாயம் 27ஆம் வசனம் பணிக்கின்றது. வஞ்சித்துப் பெற்ற அனுமதி அனுமதியாகாது. இதனை எண்ணி அந்த நிரல்காரர்களைச் சபிக்கத் தொடங்கிய நமக்கு, அல்ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனம் நினைவில் எழுந்தது. அவ்வசனம் ஐயத்தை விலக்கச் சொல்கின்றது. அடுத்து ஒற்றாடலைத் தடுக்கின்றது. அதன்பின் புறம் பேசுவதைத் தடுக்கின்றது. எத்தனை முறை அதனை மாணவர்க்கு விளக்கியிருப்போம்! ஆயினும் மகனை ஐயுற்றோம். நண்பரிடம் அவனைப் புறம் பேசினோம். ஒற்று வைக்க நாளும் குறித்தோம். அந்நிரல்காரர்களுக்கும் நமக்கும் அப்போது என்ன வேறுபாடு? பிள்ளைகளைக் காப்பது பெற்றோர் கடமைதான். அதனை அவர்கள் அறியச் செய்வதே முறை.

மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். “விடுங்கள் வாப்பா” என்று தலை குனிந்துகொண்டான். மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் நண்பரிடம் நடந்ததைக் கூறி, நம் பிள்ளை குற்றமற்றவன் என்றோம். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின் தணிந்த குரலில், “என் மகனின் கணினியிலும் அதைப் போட்டு வைத்திருக்கிறேன், ஹஜ்ரத். அதை எப்படி எடுப்பது?” என்று கேட்டார்.

நம் மகனையே அனுப்பி வைத்தோம்.