ஓணப் பூக்களும் ஒரு கடனும்

ஆவணி பிறந்துவிட்டால் தாம்பரம் கடைத்தெருவில் ஒரு புதிய மணம் எழும். தேங்காயெண்ணெயில் நேந்திரங்காய் வறுபடும் மணம் அது. கேரளத்துப் பண்டங்கள் விற்கும் கடைகளின் வாயிலில் நேந்திரக் குலைகள் தொங்கும். பிரதமனுக்கு வேண்டிய அடையும், பப்படக் கட்டுகளும், கசவுக் கரையிட்ட வேட்டிகளும் வந்து இறங்கும். கொல்லம் செல்லும் இரயிலில் இடம் கிடைத்தவர் முகம் மலர்ந்தும், கிடையாதவர் முகம் வாடியும் திரிவர். இடம் கிடையாதவர்கள் கூடி இங்கேயே ஓணம் கொண்டாட ஏற்பாடு செய்வர்.

செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1904 இல். இரயில்வேயிலும், தாம்பரம் விமானப்படைத் தளத்திலும், கல்லூரிகளிலும், மருத்துவமனைகளிலும் பணியாற்ற வந்த மலையாள மக்கள் இன்று இப்பகுதியில் வேரூன்றிவிட்டனர். இங்கிருந்து சில நிலையங்கள் கடந்தால் பரங்கிமலை. கொடுங்கல்லூரில் கரையிறங்கிய தோமையார் அம்மலையில் உயிர் நீத்தார் என்பது நம் மரபு. ஆகவே கேரளத்தினின்று இத்திசைக்கு வரும் வழி நமக்குப் புதியதன்று. சீரோ மலபார் குடும்பங்களுக்கென 2017 இல் ஓசூர் மறைமாவட்டம் அமைந்தது. ஆயினும் ஓணத்தன்று வழிபாட்டு முறை வேற்றுமை எவர் நினைவுக்கும் வருவதில்லை. இந்துவும் கிறித்தவரும் ஒரே பூக்களத்தைச் சுற்றி அமர்வர்.

ஓணம் நமக்கும் அயலான விழா அன்று. மதுரையில் ஓணம் கொண்டாடப்பட்டதை மாங்குடி மருதனார் தம் மதுரைக்காஞ்சியில் பாடியுள்ளார். தமிழகத்தில் அது பெரும்பாலும் மறைந்தது. மலைக்கு அப்பால் நிலைத்தது. இருக்கும் நிலத்தை விற்றாவது ஓணம் உண்ண வேண்டும் என்பது அவர்கள் பழமொழி. மக்களெல்லாம் ஒரு நிகராய் வாழ்ந்த காலத்து மன்னன் மாவேலி, தன் குடிகள் நலமாய் இருக்கிறார்களா என்று காண ஆண்டுக்கு ஒருமுறை வருகிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. வரும் மன்னனுக்குக் குறை தெரியலாகாது என்றே கடன்பட்டேனும் இலை நிறைய விருந்து படைக்கின்றனர்.

இவ்விழாவை முன்னிட்டு நாம் செய்த தவறு ஒன்றை இங்கு எழுத விரும்புகிறோம். அது நம் மனத்தில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருப்பது.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததை இப்பகுதிக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. அன்று நம் பங்குப் பள்ளியின் மாடியில் தமிழரும் மலையாளிகளும் ஒரே பாயில் படுத்து, ஒரே பானைக் கஞ்சியைப் பகிர்ந்து உண்டனர். முன்பின் அறியாத ஊர்களிலிருந்து அரிசியும் போர்வையும் வந்தன. மூன்றாண்டுகள் கூட நிறைவுறவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளமே நீரில் மிதந்தது. தேவதாயின் விண்ணேற்புப் பெருவிழாவும் சுதந்திர தினமுமான 15 ஆம் நாள், கொச்சி விமான நிலையம் மூடப்பட்டது. 400 பேருக்கு மேல் மாண்டனர். 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, வயலும் தெருவும் தெரியாத வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். அவ்வாண்டுத் திருவோணம் ஆகஸ்ட் 25. கேரள அரசு தன் ஓண விழாவைக் கைவிட்டு, அதற்குரிய பணத்தைத் துயர் துடைப்புக்குத் திருப்பியது.

நம் பங்கின் மலையாளக் குடும்பங்களும் 19 ஆம் நாள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் கூடினர். பலருடைய உறவினரிடமிருந்து அதுவரை செய்தி இல்லை. விமானப்படையில் பணி முடித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து, “வீட்டில் பிணம் கிடக்கையில் எப்படி அச்சா பிரதமன் இறங்கும்?” என்றார். விழா வேண்டாம், திரட்டிய தொகை முழுவதையும் அனுப்பிவிடுவோம் என ஒரு மனதாய் முடிவாயிற்று. நமக்கு மெய்சிலிர்த்தது. தியாகம் என்றால் இதுவன்றோ என மாலைத் திருப்பலியில் உணர்ச்சி ததும்பப் பிரசங்கமும் செய்தோம்.

திருவோணத்தன்று காலை ஆலய வாயிலைக் கடக்கையில், அங்கே வழக்கமாய்ப் பூ விற்கும் அம்மாள் நான்கு பெரிய கூடைகளின் நடுவே தலையில் கை வைத்து அமர்ந்திருக்கக் கண்டோம். அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். மாரியம்மனுக்கும் நம் மாதாவுக்கும் ஒரே கையால் மாலை கட்டுபவர். கூடைகளில் சாமந்தி, வாடாமல்லி, சம்பங்கி, அரளி எனப் பூக்களத்துக்குரிய உதிரிப் பூக்கள் நிறைந்திருந்தன.

“என்ன அம்மா, இத்தனை பூ?” என்றோம்.

“ஓணத்துக்கு வேணும்னு போன மாசமே சொல்லி வெச்சாங்க சாமி. தண்டல் வாங்கி கோயம்பேட்டுல முன்பணம் கட்டினேன். நேத்து வரலட்சுமி நோம்பு, பூ விலை என்னா விலை! விடிகாலை பஸ்ல கொண்டாந்து இறக்கினா, இந்த வருசம் ஓணம் கிடையாதாமே? யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே சாமி.”

நாம் என்ன மறுமொழி கூறுவது? வெள்ளத்தைப் பற்றிச் சொன்னோம். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. “பாவம், ஜனங்க தவிக்குதுங்க, குடுக்க வேண்டியதுதான்” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனா என் காசையும் சேர்த்து இல்ல குடுத்திருக்காங்க?” என்றார். குரலில் கோபம் இல்லை. நேற்றைய நோன்புக்கு விலையேறிய பூ, இன்று வாங்குவாரின்றி வெயிலில் சுருங்கிக்கொண்டிருந்தது. மாலையானால் தண்டல்காரன் வருவான்.

அறைக்குத் திரும்பிய நாம் நெடுநேரம் செபிக்க இயலாது அமர்ந்திருந்தோம். சாமுவேல் இரண்டாம் நூலில் வரும் தாவீது அரசனின் நினைவு வந்தது. பலிபீடம் எழுப்பக் களமும் காளைகளும் இலவசமாய்த் தருகிறேன் என்கிறான் அரவுனா. தனக்குச் செலவில்லாத பலியை ஆண்டவருக்குச் செலுத்த மாட்டேன் என மறுத்து, விலை கொடுத்து வாங்குகிறான் அரசன். நாமோ விருந்து உண்ணாதிருந்ததைப் பலி என்று பெருமை பேசினோம். அப்பலியின் ஒரு பகுதியை, கேளாமலே, வாயிலில் இருந்த ஓர் ஏழையின் மடியிலிருந்து எடுத்திருந்தோம். விழாவை நிறுத்தியது தவறு அன்று. நிறுத்துமுன் இதனை நம்பிக் கடன்பட்டவர் எவர் என ஒரு கணம் எண்ணாததே தவறு. மலையாளிகளோ தம் உறவினரின் உயிருக்கு அஞ்சித் தவித்திருந்தனர். எண்ணிப்பார்த்திருக்க வேண்டியவர் நாமே.

அன்று பிற்பகல் அப்பெரியவரிடம் சென்று உரைத்தோம். உடனிருந்த ஓர் இளைஞர், “எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லையே, ஃபாதர், வியாபாரத்தில் நட்டம் சகஜந்தானே” என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியே. பெரியவர் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நாமும் உடன் நடந்தோம். வீடு வீடாய்ச் சென்று ஒரு மணி நேரத்தில் பூவின் விலையைத் திரட்டினோம். நம் பங்கையும் சேர்த்தோம். துயர் துடைப்புக்கென வைத்த தொகையில் ஒரு காசையும் தொடவில்லை. அம்மாள் முதல் மட்டும் போதும் என்றார். இலாபத்தைக் கையில் வாங்க மறுத்துவிட்டார். பூக்களை மாதா கெபியின் முன் பரப்பி, இறந்தோருக்காகச் செபமாலை சொன்னோம். அவரும் ஓரத்தில் நின்றார்.

ஆறாண்டுகளுக்குப் பின் அதே சோதனை மீண்டும் வந்தது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் புதைந்தன. தமிழக அரசு 5 கோடி ரூபாய் வழங்கியது. கேரள அரசு அவ்வாண்டும் ஓண வார விழாவைக் கைவிட்டது. திருவோணம் செப்டம்பர் 15, ஞாயிறு. வியாகுல மாதாவை நாம் நினைவுகூரும் நாளும் அதுவே. முன்னர் நாம் பணியாற்றிய அப்பங்கின் குடும்பங்கள் கூடியபோது, அப்பெரியவர் எழுப்பிய முதற் கேள்வி, “எவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம்?” என்பதாம். பூக்காரர், சமையற்காரர், பாத்திரக்காரர், இலை கொண்டுவருபவர் எனப் பட்டியல் எழுதினர். விருந்தைக் கைவிட்டனர். சமையற்காரருக்கு மூன்று வாரம் முன்னரே ஆள் அனுப்பிச் சொன்னமையால், அவர் வேறு வேலை தேடிக்கொண்டார். பூவை மட்டும் நிறுத்தவில்லை. அதே அம்மாளிடம் வாங்கி, மாண்டோர் நினைவாகச் சிறிய பூக்களம் ஒன்று இட்டனர். எஞ்சிய தொகை வயநாடு சென்றது. 2018 இல் அனுப்பியதிலும் அது சிறிது குறைவு. ஆயினும் அதில் பிறர் காசு ஒன்றும் இல்லை. இதனை அப்பெரியவர் நம்மிடம் தொலைபேசியில் கூறுகையில், அவர் குரலில் ஒரு நிம்மதி தொனித்தது.

ஓண நாள்களில் தோவாளைச் சந்தையிலிருந்து கேரளத்துக்குச் செல்லும் பூக்களைக் கண்டவர் அறிவர்: ஒரு மக்களின் விழா மற்றொரு மக்களின் சோறு. நம் கிறிஸ்துமசும், தேர்த் திருவிழாவும், இல்லத் திருமணமும் அவ்வாறே. தையற்காரர், பந்தற்காரர், மேளக்காரர் என எத்தனையோ பேர் அவற்றை நம்பி நாள் எண்ணிக் காத்திருக்கின்றனர். துயர்ப்படுவோருக்கு உதவ விழாவைச் சுருக்குவது நற்செயலே. அவ்வாறு முடிவு செய்யும் குடும்பத்தார் முதலில் ஒரு தாளில், நம்மை நம்பி முன்பணம் கட்டியவர் யார் யார் என எழுதட்டும். அவர்களுக்குரியதைக் கொடுத்தபின் எஞ்சுவதே நம்முடையது. அதையே நாம் காணிக்கையாகக் கொடுக்கலாம்.

தன் குடிகள் நலமா என்று காண வரும் மாவேலி, வாசலில் இட்ட பூக்களத்தை மட்டுமா பார்ப்பான்? பூ விற்றவளின் கூடையையும் எட்டிப் பார்ப்பான் என்றே நமக்குத் தோன்றுகிறது.