ஒற்றை அணுவைக் காண்பது எங்ஙனம்?

முடிதிருத்தும் நிலையத்தில் எதிரெதிரே மாட்டப்பட்ட இரு நிலைக்கண்ணாடிகளுக்கு நடுவே நாம் அனைவரும் என்றேனும் அமர்ந்திருப்போம். நம் முகத்துக்குப் பின்னே மற்றொரு முகம், அதற்கும் பின்னே இன்னொன்று என உருவங்கள் வரிசையாய் நீண்டு செல்லும். பத்துப் பதினைந்தைத் தாண்டியதும் அவை மங்கி, பச்சை படர்ந்து, இருளில் மறைந்துவிடும். பட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதே காரணம்.

அங்ஙனம் விழுங்காத ஆடிகள் இரண்டு கிடைத்தால் என்ன செய்யலாம்? ஒற்றை அணுவைக் கண்டுகொள்ளலாம் என்கின்றனர் விஞ்ஞானிகள். இதைப் படித்தபோது நமக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை. அணுவியலின் தந்தையருள் ஒருவரான ஷ்ரோடிங்கரே, தனியோர் அணுவை வைத்து நாம் ஒருபோதும் பரிசோதனை செய்வதில்லை என்று 1952-இல் எழுதியவர் அன்றோ!

அணு சிறியது என்பது மட்டுமல்ல இடர்ப்பாடு. ஒரு பொருளைக் காண வேண்டுமாயின் அதன்மேல் ஒளி விழ வேண்டும். சுவரின்மேல் விழும் ஒளி சுவரை அசைப்பதில்லை. அணுவின்மேல் விழும் ஒளியோ, ஒவ்வொரு துகளாய் அதனைத் தள்ளுகிறது. ஒளியை மிகுத்தால் அணு நிலைகுலையும். குறைத்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே மிகச் சிறிதளவு ஒளியையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழி தேவைப்பட்டது. அதற்கே அந்த ஆடிகள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பாசடீனா நகரிலுள்ள கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் ஜெஃப் கிம்பிளும் அவருடைய குழுவினரும் இப்பணியில் பல்லாண்டு உழைத்தனர். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் பயன்படுத்திய இரு ஆடிகளுக்கு இடைப்பட்ட தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமனிலும் மிகக் குறைவு. ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் அவை இழந்த ஒளி பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஏழு பங்கு மட்டுமே. ஆகவே உள்ளே புகுந்த ஒளித்துகள், சராசரியாக ஒன்றரை லட்சம் முறை அங்குமிங்கும் மோதிய பின்னரே வெளியேறும். அவ்வளவு அலைந்தும் அது கடந்த மொத்தத் தொலைவு, கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டு மீட்டர்கூட இல்லை! ஆனால் இடையில் ஓர் அணு இருக்குமாயின், அந்த ஒரே துகள் அதனை ஆயிரமாயிரம் முறை சந்திக்கிறது.

இனி, அணு அகப்படும் விதத்தைக் காண்போம். வீணைத் தந்தியின் நீளத்துக்கு ஏற்றபடி நாதம் அமைவது போல, ஆடிகளுக்கு இடைப்பட்ட தூரத்துக்குப் பொருந்திய ஒளிதான் உள்ளே நிலைத்து, மறுபுறம் மெல்லக் கசிந்து வெளிவரும். லேசர் ஒளியாலேயே குளிர்விக்கப்பட்ட சீசியம் அணுக்களை மேலிருந்து விழச் செய்கின்றனர். ஓரணு ஆடிகளின் நடுவே நுழைந்ததும் சுருதி கலைகிறது. வெளிவந்துகொண்டிருந்த ஒளி சட்டெனக் குறைகிறது. அணு கடந்து போனதும் பழையபடி பெருகுகிறது. இவ்வாறு தனித்தனி அணுக்கள் விழுந்து செல்வதை, அவை விழும் அக்கணத்திலேயே 1996-இல் கண்டறிந்தனர். 2000-ஆம் ஆண்டிலோ, சராசரி ஒரே ஓர் ஒளித்துகள் அளவான ஒளியைக் கொண்டே அணுவைச் சிறிது நேரம் பிடித்தும் வைத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ஷிங் நகரில் கெர்ஹார்ட் ரெம்பேயின் குழுவினரும் இதனைச் சாதித்தனர்.

இச்செய்தியை இல்லத்தில் வாசித்துக் காட்டியபோது, "கோடு ஒன்று தாழ்ந்ததைப் பார்த்துவிட்டு அணுவைப் பார்த்தேன் என்பது பொருந்துமா?" என்று நாம் ஐயுற்றோம். முதுமையால் பார்வை பெரிதும் மங்கிவிட்ட நம் தாயார், நாற்காலியில் சாய்ந்தபடியே, "ஏனப்பா, வாசலில் வெளிச்சம் மறைந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறதே. நீ வந்தால் ஒரு மாதிரி மறையும், உன் மகள் வந்தால் ஒரு மாதிரி மறையும். அதைப் பார்வை இல்லை என்பாயா?" என்றார்கள். நாம் மறுமொழி கூறவில்லை. மருத்துவர் சோதித்து எழுதித் தந்த சீட்டில் தாயாரின் பார்வைக்கு மிகச் சிறிய அளவே குறிக்கப்பட்டிருந்தது. வாசலை அறியும் அந்தப் பார்வை அவ்வளவில் அடங்கவில்லை.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. பாரிஸ் நகரில் செர்ஜ் அரோஷ் என்பார், நுண்ணலையின் ஒளித்துகளை 2.7 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள ஆடிகளிடையே விநாடியில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதியான நேரம் நிறுத்தி, அதனை அழிக்காமலே அணுக்களைக் கொண்டு அறிந்தார். 2012-இல் டேவிட் வைன்லேண்டுடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

இவற்றால் பயன் என்னவெனக் கேட்போர் இருப்பர். செலவை எண்ணினால் அது நியாயமான கேள்வியே. கார்ஷிங்கிலே 2012-இல் ஓர் அணுவை ஓர் ஆடி இணையிலும், மற்றோர் அணுவை 21 மீட்டர் அப்பாலுள்ள வேறோர் இணையிலும் வைத்து, இரண்டையும் 60 மீட்டர் கண்ணாடி இழையால் இணைத்தனர். முதல் அணுவின் நிலையை ஒரே ஓர் ஒளித்துகள் ஏந்திச் சென்று இரண்டாவது அணுவிடம் ஒப்படைத்தது.