ஒரு கூரையின் கீழ் இரு பருவங்கள்

கருத்து வேற்றுமை என்றவுடன் அரசியலோ பதவியோ பணமோ அதற்குக் காரணமாயிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். திருச்சியில் நாங்கள் பதினொருவர் பணிபுரியும் அலுவலகக் கூடத்தில் நல்லுறவைக் குலைத்தது இவற்றுள் எதுவுமன்று. குளிர்சாதனத்தை இயக்கும் ரிமோட் என்னும் கையளவுக் கருவியே அதைச் செய்தது. குடும்பத்திற்கு அடுத்தபடியாக நம் வாழ்நாளின் பெரும்பகுதி கழிவது பணியிடத்தில்தான். ஆகவே அங்கு நேர்ந்ததை எழுதுவது பிறருக்கும் பயன்படும் என நம்புகிறோம்.

மின்விசிறிகள் மட்டும் சுழன்ற காலத்தில் வெயிலை எல்லாரும் ஒன்றுசேர்ந்தே நொந்துகொண்டோம். கூடத்தில் இரண்டு குளிர்சாதனங்கள் பொருத்தப்பட்ட கோடையில்தான் பிளவு தொடங்கிற்று. மேற்குச் சன்னலோரம் அமரும் கணக்கர், வெளிவேலை முடித்து வியர்வை சொட்ட வந்ததும் 20 டிகிரி என்று வைப்பார். குளிர்காற்று நேரே விழும் இடத்தில் இருந்த மூத்த எழுத்தர் அம்மையார், சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்தியவாறு எழுந்து வந்து 27 என்று மாற்றுவார்.

"அக்கா, நாங்கள் வெந்துபோகிறோம்" என்பார் அவர். "தம்பி, எனக்கு விரல் மடங்கவில்லையே, எப்படி எழுதுவேன்?" என்பார் இவர்.

தொடக்கத்தில் இது வேடிக்கையாகவே இருந்தது. பிறகு ரிமோட் ஒருநாள் மேசை இழுப்பறைக்குள் மறைந்தது. மறுநாள் அந்த இழுப்பறை பூட்டப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் பகலுணவைப் பகிர்ந்துண்ட இருவரும் பேச்சை நிறுத்திவிட்டனர். ஐந்தடித் தொலைவிலிருந்த மேசைக்குக் கோப்பை அலுவலக உதவியாளர் மூலம் அனுப்பலாயினர். மேலாளர் வாக்கெடுப்பு நடத்தினார். குளிர் வேண்டும் என்றவர் அறுவர். வேண்டாம் என்றவர் ஐவர். பெரும்பான்மை எது என்பது தெரிந்ததே தவிர, அம்மையாரின் கைவலி தீரவில்லை. பணி நிறைவுக்கு மூன்றாண்டுகளே எஞ்சியிருந்த அவர், விருப்ப ஓய்வுக்கான விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினார்.

இத்தகைய பூசல் எங்கள் கூடத்திற்கு மட்டும் உரியதன்று. டென்மார்க் நாட்டு அறிஞர் ஓலே ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூலில், மனிதர் உணரும் வெப்பத்தை ஆறு காரணங்கள் தீர்மானிப்பதாக வகுத்துரைத்தார். காற்றின் வெப்பம், சுற்றுச்சுவர்கள் உமிழும் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், உடை, உடலின் உழைப்பு ஆகியனவே அவை. ரிமோட்டில் நாம் மாற்றும் எண் இவ்வாறனுள் முதலாவதை மட்டுமே குறிக்கிறது. எவ்வளவு செம்மையாக அமைத்தாலும் நூற்றுக்கு ஐவரேனும் மனநிறைவு அடையார் என்பதும் அவர் கண்ட கணக்கு. 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். அலுவலக வெப்ப அளவுகள், 40 வயதும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆணின் உடலை அடிப்படையாகக் கொண்டவை. அதனால் பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பம் 35 விழுக்காடு வரை மிகையாக மதிப்பிடப்படலாம் என்றனர்.

எங்களுள் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து மேசைதோறும் வைத்துப் பார்த்தார். பிற்பகல் மூன்று மணி. ரிமோட் காட்டியது 24. அம்மையாரின் மேசையில் 21; கணக்கரின் மேசையிலோ 28! குளிர்சாதனம் தன்னிடம் திரும்பி வரும் காற்றை மட்டுமே அளக்கிறது. சன்னலோரத்து நிலையை அது அறியாது. ஒரே அறையில் ஒருவர் மார்கழியிலும் மற்றவர் சித்திரையிலும் வாழ்ந்திருக்கின்றனர். இருவருமே பொய்யுரைக்கவில்லை.

கணக்கர் அம்மையாரின் நாற்காலியில் சற்று நேரம் அமர்ந்தார். "இந்தக் குளிரிலா அக்கா இத்தனை நாளும் இருந்தீர்கள்?" என்றார். "நீயும் அடுப்படியில்தானே தம்பி இருந்திருக்கிறாய்" என்று மறுமொழி வந்தது. பல மாதங்களுக்குப் பின் அவர்கள் பேசிக்கொண்ட முதற்பேச்சு அதுதான்.

அதன்பின் வழிகள் எளிதாகவே புலப்பட்டன. அம்மையாரின் மேசையை உட்சுவரருகே நகர்த்தினோம். காற்று தலைமேல் விழாதவாறு குளிர்சாதனத்தின் தகடுகளை மேல்நோக்கித் திருப்பினோம். மேற்குச் சன்னல்களுக்குத் தடித்த திரையிட்டோம். 26இல் வைத்து, சன்னல் பக்கத்து மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டோம். மேனியில் காற்றுப் பட்டால் ஓரிரு டிகிரி மிகுதி உறுத்துவதில்லை. வெயிலிலிருந்து வருபவர் பத்து நிமிடம் விசிறியின்கீழ் அமர்ந்த பிறகே ரிமோட்டைத் தொடலாம் என்பதும் எங்கள் உடன்பாடு. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என மத்திய அரசு 2018இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஜப்பானியர் 2005 முதல் கோடையில் கோட்டையும் கழுத்துப்பட்டையையும் களைந்து, 28 டிகிரியிலேயே அலுவல் பார்க்கும் வழக்கத்தைப் பரப்பினர்.

மற்றொன்றையும் கணக்கரே கண்டு சொன்னார். குளிர்சாதனத்தின் வெளிப்பகுதி அனல்காற்றை வீசும் இடத்திலேதான் காவலாளியின் நாற்காலி கிடந்தது. எங்கள் குளிர்ச்சியின் மறுபாதி அவர்மீது வீசிற்று. வாக்கெடுப்பில் அவருக்கு இடமிருக்கவில்லை, அவர் முறையிடவுமில்லை. இப்போது அவர் வேப்பமரத்தடியில் அமர்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். இன்றும் சில நாள்களில் அக்கா சால்வையை எடுக்கிறார். தம்பி கைக்குட்டையால் விசிறிக்கொள்கிறார். ஃபாங்கர் குறித்த அந்த ஐவரில் நாளுக்கொருவர் எங்களிடையே இருக்கத்தான் செய்கிறார். ஆயினும் விருப்ப ஓய்வு விண்ணப்பம் மேலாளரின் மேசைக்குச் செல்லவில்லை. பகலுணவும் மீண்டும் ஒரே மேசையில் நடைபெறுகிறது.

இல்லங்களிலும் இதே பூசல் உண்டு. பாட்டிக்கு விசிறி ஆகாது. பேரனுக்கு விசிறியின்றி உறக்கம் வராது. "உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்குமுன், அவர் படுக்கும் இடத்தில் கால்மணி நேரம் படுத்துப் பாருங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்பது அங்கே தெரியும்.