முற்றத்தை மூடிய கதை

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாள், எங்கள் முசியே வகுப்பறைக்குள் காலை வைத்ததும் மூக்கைச் சுளிப்பார். "சா சான் ல ரான்ஃபெர்மே" என்பார். நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த அறைக்கென்று ஒரு வாடை உண்டல்லவா? அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்தான் ரான்ஃபெர்மே. உடனே எங்களை விட்டு எல்லா ஜன்னல்களையும் திறக்கச் சொல்வார். பத்து நிமிடம் கழித்துத்தான் பாடம்.

அறுபது வருஷம் மறந்திருந்த அந்தச் சொல், 2024 டிசம்பரில் என் சொந்தப் படுக்கையறையில் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில் தாத்தா கட்டியது. தெருவில் திண்ணை, உள்ளே நடை, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்கட்டில் கிணறு. புதுச்சேரித் தமிழ் வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முற்றத்தில் சூடான காற்று மேலே ஏறிப் போகும், அந்த இடத்துக்குத் தெருப்பக்கக் காற்று நடை வழியாக உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் நாங்கள் தாழ்வாரத்தில் பாய் விரித்துத் தூங்கியது அந்தக் காற்றில்தான். அடுப்புப் புகை, ஊதுவத்திப் புகை, தாத்தாவின் சுருட்டுப் புகை எல்லாம் அந்த வழியாகவே வெளியேறின.

அந்த முற்றத்தை 2016இல் மூடியவன் நான்தான். வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. மழை வந்தால் சாரல், காற்றடித்தால் தூசி, ராத்திரியில் கொசு. மே மாதத்தில் விடியற்காலை மூன்று மணிக்கும் புழுக்கம் இறங்குவதில்லை. மனைவிக்குத் தூக்கமே இல்லாமல் போயிற்று. முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டேன், படுக்கையறையில் ஏ.சி. மாட்டினேன், ஜன்னல் இடுக்குகளை எல்லாம் அடைத்தேன். ஓய்வூதியப் பணத்தில் நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததை நம்மூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். இரண்டு நாளில் தண்ணீர் வடிந்துவிட்டது, ஈரம் வடியவில்லை. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் தண்ணீர் குடிப்பது புதிதில்லை. முன்பெல்லாம் முற்றத்து வெயிலும் காற்றும் பட்டு ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். இப்போது அந்த ஈரம் போவதற்கு வழி இல்லை.

மனைவிக்கு இருமல் தொடங்கியது. பிறகு இளைப்பு. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "என்னங்க, மூச்சு முட்டுது, ஜன்னலத் திறங்க" என்றாள். வருஷக்கணக்கில் திறக்காத ஜன்னல். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. சுத்தியால் தட்டித் திறப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

காலையில் டாக்டரிடம் போனோம். என் பேரன் வயசுப் பையன். மருந்தெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, "ஐயா, உங்க வீட்டுக்குள்ள காத்து எங்கேருந்து வருது?" என்று கேட்டார். "ஏ.சி. இருக்கு தம்பி" என்றேன். சிரித்துவிட்டார். வீடுகளில் மாட்டும் அந்த ஏ.சி. வெளியிலிருந்து புதுக்காற்றை எடுப்பதில்லையாம். அறைக்குள் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறதாம். வெளியே தொங்கும் பெட்டி சூட்டைத் தெருவில் கொட்டுவதற்கு மட்டும்தான். எட்டு வருஷமாக எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரான்சில் இருக்கும் மகள் பொங்கலுக்கு வந்தபோது கையடக்கமான ஒரு மீட்டர் கொண்டுவந்தாள். காற்றில் உள்ள கார்பன்-டை-ஆக்சைடைக் காட்டும். அங்கே 2023 முதல் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று வருஷா வருஷம் இப்படி அளந்து பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறதாம். அளவு 800ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்களாம். எங்கள் முசியேவின் மூக்குக்குப் பதிலாக இப்போது ஒரு மீட்டர், அவ்வளவுதான்.

தெருவில் வைத்தால் 430. இரண்டு பேர் ஏ.சி. போட்டுத் தூங்கி எழுந்த எங்கள் அறையில் காலை ஆறு மணிக்கு 2,100. நாங்கள் விட்ட மூச்சையே நாங்கள் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தோம். இதில் கொசுவத்தி வேறு. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சுருட்டுப் பிடித்ததற்காகத் தாத்தாவைத் திட்டிய குடும்பம் எங்களுடையது.

ஆள் வைத்து முற்றத்து ஷீட்டைக் கழற்றினேன். கொசுவுக்குக் கம்பி வலை அடித்தேன். மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினேன். அகமதாபாத் நகராட்சி 2013இல் வெப்பத்துக்கென்று தனித் திட்டம் போட்டது. குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதும் பிறகு அதில் சேர்ந்தது. மகள் சொல்லித்தான் தெரியும். எங்கள் வீட்டிலும் சூடு கொஞ்சம் குறையத்தான் செய்தது. பாயைத் தாழ்வாரத்துக்கே கொண்டுவந்தோம்.

நான்காம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருமுனையில் யாரோ குப்பையைக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக் கருகும் புகை நேராக முற்றத்தில் இறங்கியது. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஏ.சி. ஓடும் சத்தம் கேட்டது. நான் முற்றத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் என்ன சொல்வது?

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. ஜன்னலைத் திறப்பது மட்டும்தான் வீட்டுக்காரன் வேலை. திறக்கத் தகுந்த காற்றைத் தெருவில் வைத்திருப்பது ஊரின் வேலை. குப்பை எரியாமல், சாக்கடை தேங்காமல், கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணல் பறக்காமல், தெருவில் நிழல் தரும் மரம் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் ஜனங்கள் தாங்களே ஜன்னலைத் திறப்பார்கள். இல்லாவிட்டால் வெயில் ஏற ஏற வீட்டுக்கு வீடு ஏ.சி. மாட்டுவார்கள், அது தெருவை இன்னும் சுடவைக்கும், ஏ.சி. வாங்க முடியாத பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சூட்டையும் புகையையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்.

இந்த இடத்தில் என் பழைய கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்தபோது சில வருஷம் கட்டட வரைபடக் கோப்புகள் என் மேஜை வழியாகப் போயின. நம்முடையதைப் போல வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வரைபடத்தில் அது இருக்கும். காற்றுக்காக விட்ட ஓ.டி.எஸ். இடமும் இருக்கும். கட்டி முடித்த பிறகு அந்த இடத்தில் ஒரு பாத்ரூம் முளைத்திருக்கும். காகிதம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டேன். நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் இப்போது அடுக்குமாடிகளைக் கடந்து போகும்போது, ஜன்னல் இல்லாத அந்த அறைகளில் யார் இருமிக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றுகிறது.

சென்ற வாரம் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். குப்பை எரிப்பது பற்றி ஒரு மனு, தெருவில் ஆறு வீட்டுக்காரர்களின் கையெழுத்துடன். எனக்குத் தெரிந்த ஒரே கலை மனு எழுதுவது. பொருள், பார்வை, தேதி எல்லாம் முறையாகப் போட்டிருந்தேன். வாங்கிக்கொண்ட பெண், "பார்க்கிறோம் ஐயா" என்றாள். முப்பத்தைந்து வருஷம் நானும் அதையேதான் சொன்னேன்.

ரசீது எண் வாங்கி வைத்திருக்கிறேன். பதினைந்து நாள் கழித்து மறுபடி போவேன். அதுவரை சாயங்காலம் ஆறு மணிக்கு முற்றத்தில் நின்று மோந்து பார்த்துவிட்டு, மனைவியிடம் "வரலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்கிறேன். இந்த வாரத்தில் நான்கு நாள் "வரலாம்".