கேதாரத்து வழியில்

இமயத்துக் கேதாரத்தைத் தமிழர் கண்ணாற் காணுமுன்னரே பாட்டாற் கண்டனர். ஞானசம்பந்தர் காளத்தியில் நின்றபடியே அத்தலத்தைப் பாடினார் என்று பெரியபுராணம் கூறும். அன்று நினைந்து பாடப்பட்ட அந்த மலைக்கு இன்று இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர். ஆசிரியத் தொழில் புரியும் நாங்கள் இருவரும் விடுமுறையொன்றில் ரிஷிகேசத்தில் வாடகைக்கு வண்டி எடுத்து அவ்வழியே சென்றோம். கோயிலைப் பற்றி எழுதியோர் பலர். நாம் இங்கு எழுத எண்ணுவது வழியைப் பற்றி.

தேவப்பிரயாகையில் அலகநந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கை என்னும் பெயர் பெறுகின்றன. ருத்திரப்பிரயாகையில் அலகநந்தாவை விட்டு மந்தாகினிக் கரையோடு ஏறவேண்டும். ஒருபுறம் செங்குத்துப் பாறை. மறுபுறம் பாதாளத்தில் ஆறு. பேருந்தினுள் உறங்கிச் செல்வோன் அறியாத பலவற்றை இருசக்கர வண்டி காட்டிவிடுகிறது. சரிந்த மண்ணின் ஈரவாடை முகத்தில் அடிக்கிறது. கைக்குழந்தையைத் தார்ப்பீப்பாயின் நிழலிற் கிடத்திவிட்டு மண் வாரும் பெண், வண்டியின் ஒலி கேட்டு ஒருகணம் நிமிர்ந்து பார்க்கிறாள். நாங்கள் கடந்துவிடுகிறோம், அவள் மீண்டும் குனிகிறாள்.

நான்கு தலங்களுக்குச் செல்லும் ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வீதியை அகலமாக்கும் திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது. வீதி அகலமாக வேண்டுமாயின் மலையின் அடியை வெட்டவேண்டும். அடி வெட்டப்பட்ட சரிவு மழைக்கு நின்றுபிடிப்பது அரிது. அத்திட்டத்தைச் சேர்ந்த, யமுனோத்திரி வழியிலுள்ள சில்க்கியாராச் சுரங்கம் 2023 நவம்பர் 12இல் இடிந்தபோது 41 தொழிலாளர் உள்ளே அகப்பட்டனர். துளையிட்ட பெரும் இயந்திரம் உடைந்துபோயிற்று. பின்னர், எலிவளை போன்ற குழிகளுள் நுழைந்து வேலை செய்து பழகிய ஏழைத் தொழிலாளரே எஞ்சிய தூரத்தைக் கையால் தோண்டினர். பதினேழாம் நாள் அனைவரும் உயிருடன் வெளிவந்தனர்.

சோனப்பிரயாகையில் எங்கள் வண்டியை நிறுத்தினோம். கௌரிகுண்டத்துக்கு அப்பால் வண்டி செல்லும் வீதி இல்லை. 3,583 மீற்றர் உயரத்திலுள்ள கோயிலுக்குப் பதினாறு கிலோமீற்றருக்கு மேல் ஏறவேண்டும். நடக்க இயலாதோரைப் பிரம்புக் கூடையில் இருத்தி முதுகிற் சுமந்து செல்வோருள் நேபாளத்திலிருந்து பிழைக்க வந்தோர் பலர். கூடையை இறக்கி இளைப்பாறிய ஒருவரிடம் எங்கள் நண்பர் தமக்குத் தெரிந்த இந்தியில், “எத்தனையோ முறை ஏறியிருப்பீர்களே, உள்ளே போய்க் கும்பிட்டதுண்டா?” என்று கேட்டார்.

“வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும், ஐயா. வெளியே நின்று கைகூப்பிவிட்டு இறங்கிவிடுவேன்” என்றார் அவர். கூடையிலிருந்த மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. தம் முடிச்சிலிருந்த உலர்ந்த திராட்சையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

கோயிலின் பின்புறம் பெரும் பாறையொன்று கிடக்கிறது. 2013 ஜூன் மாதம் சோராபாரி ஏரி உடைந்து பாய்ந்தபோது, உருண்டுவந்து நின்று வெள்ளத்தை இருபுறமும் பிரித்துக் கோயிலைக் காத்தது அப்பாறையே. இன்று அதையும் மக்கள் வணங்குகின்றனர். அவ்வெள்ளத்தில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர். யாத்திரிகர் இளைப்பாறிய ராம்பாரா என்ற ஊரே அழிந்தது. பாறையின் கதையை வழியெங்கும் கேட்டோம். ராம்பாராவில் தேநீர் ஆற்றியவரின் கதையை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பக்தியை எள்ளி நகையாடுவதை முற்போக்கு என்று கருதுவோர் நம்மிடையே உளர். அந்த மூதாட்டியின் நம்பிக்கையை எள்ள எமக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் முழுதும் சேர்த்த சிறுபொருளோடு அவர் மலையேறி வந்திருக்கிறார். நாம் வினவவேண்டியது வேறு. அவரைச் சுமக்கும் முதுகுக்குத் தக்க கூலி உண்டா? இரவில் படுக்கக் கூரை உண்டா? கால் இடறி விழுந்தால் அவன் குடும்பத்துக்கு ஈடு உண்டா? வீதியை அகலமாக்க எண்ணுவோர் முதலில் இவ்வினாக்களுக்கு விடை சொல்லட்டும். ஒருநாட் கூலியை இழக்காமல் அந்தச் சுமைகாரரும் வரிசையில் நின்று உள்ளே செல்லும் நாள் வரவேண்டும்.